பழைய வாட்ச்சில் கிரெடிட் கார்டு: நாலு சாவிகளின் கதை

நாற்பது வருஷத்துக்கு முந்தைய எச்.எம்.டி. கைக்கடிகாரம் ஒன்றை எடுத்துச் சாவி கொடுங்கள். எண்ணெய் போட்டுப் பராமரித்திருந்தால் இன்றைக்கும் ஓடும். அடுத்து, எட்டு, பத்து வருஷம் ஆன ஸ்மார்ட் வாட்ச் ஒன்றைக் கட்டிக்கொண்டு, தி. நகர் ஜவுளிக்கடை கல்லாவில் கிரெடிட் கார்டுக்குப் பதிலாக அதை நீட்டிப் பாருங்கள். பேட்டரி நிற்கும், திரை எரியும், மணியும் சரியாகக் காட்டும். பணம் மட்டும் போகாது. கருவி கெடவில்லை, ஆனாலும் அதன் ஒரு வேலை செத்துவிட்டது. இது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் வாட்ச்சுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். உங்கள் கார்டு எண் அதில் இல்லை. கார்டை ஏற்றும்போது விசா, மாஸ்டர்கார்டு, ரூபே மாதிரியான நெட்வொர்க், அந்த எண்ணுக்குப் பதிலாக வேறொரு எண்ணைக் கொடுக்கும். அதற்குப் பெயர் டோக்கன். டோக்கனும் ஒரு ரகசியச் சாவியும் வாட்ச்சின் பாதுகாப்புச் சிப்பில் உட்கார்ந்திருக்கும். கடை மெஷினில் தட்டும் ஒவ்வொரு தடவையும், அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லுபடியாகும் குறியீட்டைச் சிப் உருவாக்கும். எந்த டோக்கன் எந்த கார்டுக்கு உரியது என்ற பேரேடு நெட்வொர்க்கின் சர்வரில் இருக்கும். போனுக்கு ஒரு டோக்கன், வாட்ச்சுக்கு இன்னொரு டோக்கன். வாட்ச் தொலைந்தால் அதன் டோக்கனை மட்டும் முடக்கினால் போதும், கார்டு பிழைத்துக்கொள்ளும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் வங்கி லாக்கருக்கு நம்மிடம் ஒரு சாவி, வங்கியிடம் ஒரு சாவி என்று இருப்பதுபோல, இங்கே நாலு சாவி வேண்டும். ஒன்று, சிப். இரண்டு, வாட்ச் கம்பெனியின் மென்பொருள். மூன்று, வங்கியும் நெட்வொர்க்கும். நாலு, நாட்டின் விதி. இதில் நம் கையில் இருப்பது சிப் மட்டுமே. மீதி மூன்றில் எந்தச் சாவியை யார் எடுத்துக்கொண்டாலும் பூட்டு திறக்காது.

இரண்டாவது சாவி எப்படிக் கைநழுவும் என்பதற்கு ஆப்பிளே உதாரணம். முதல் ஆப்பிள் வாட்ச் 2015 ஏப்ரலில் வந்தது. அதில் தங்க மாடலும் உண்டு, ஆரம்ப விலை 10,000 டாலர். 2018 செப்டம்பரில் வந்த வாட்ச் ஓ.எஸ். 5, அந்த முதல் தலைமுறையைக் கைவிட்டது. மூன்றரை வருஷத்தில் தங்கக் கடிகாரம் 'பழையது' ஆகிவிட்டது. நகைக்கடைத் தெருக்களில் வளர்ந்த நமக்கு இது புரியாத கணக்கு. நம் ஊரில் பழைய தங்கத்துக்கும் அன்றைய விலை உண்டு! ஃபிட்பிட் கதையும் இதேதான். கூகுள் அந்தக் கம்பெனியை வாங்கிய பிறகு, 2024 ஜூலையில் ஃபிட்பிட் பே மூடப்பட்டது. பதிலுக்கு வந்த கூகுள் வாலட்டை ஏற்க முடியாத பழைய மாடல்களில் தட்டிப் பணம் கட்டும் வசதி அத்தோடு முடிந்தது.

இனி நம் ஊர். 2015 மே மாதம் ரிசர்வ் வங்கி, 2,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமல் கார்டைத் தட்டிப் பணம் கட்டலாம் என்றது. 2021 ஜனவரி 1 முதல் அது 5,000 ரூபாய் ஆனது. தட்டும் பழக்கத்துக்கு வாசல் திறந்தது இப்படித்தான்.

2017 மார்ச்சில் சாம்சங் பே இந்தியாவுக்கு வந்தது. சாம்சங்கின் கியர் எஸ்3 வாட்ச்சில் ஒரு தந்திரம் இருந்தது. கார்டின் காந்தப் பட்டையைத் தேய்க்கும்போது மெஷின் உணரும் காந்தச் சமிக்ஞையை, வாட்ச்சே காற்றில் உண்டாக்கிவிடும். தட்டும் வசதி இல்லாத பழைய தேய்ப்பு மெஷினும் ஏமாந்து, கார்டு தேய்க்கப்பட்டதாக நினைத்துக்கொள்ளும். அன்றைக்குக் கடைகளில் இருந்த மெஷின்களில் பெரும்பாலானவை தேய்க்கும் ரகம் என்பதால் இது புத்திசாலித்தனமான குறுக்குவழி. ஆனால் காந்தப் பட்டைக்கே காலம் முடிந்துகொண்டிருந்தது. 2018 டிசம்பர் 31-க்குள் பட்டை மட்டும் உள்ள கார்டுகளை மாற்றிச் சிப் கார்டு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்திருந்தது. அதே 2018-ல் வந்த சாம்சங்கின் அடுத்த வாட்ச்சில் அந்தக் காந்தத் தந்திரம் இல்லை. 2021-ல் சாம்சங் தன் டைசன் மென்பொருளை விட்டுவிட்டு, வாட்ச்சுகளை கூகுளின் வியர் ஓ.எஸ். பக்கம் கொண்டுபோனது.

நாலாவது சாவிக்கு வருவோம். 2019 ஜனவரி 8 அன்று ரிசர்வ் வங்கி டோக்கன் முறைக்கு முறையான அனுமதி கொடுத்தது. சுற்றறிக்கையில் ஒரு வரி முக்கியம்: இப்போதைக்கு மொபைல் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும். வாட்ச் அந்தப் பட்டியலில் இல்லை. 2021 ஆகஸ்ட் 25 அன்றுதான் லேப்டாப், கைக்கடிகாரம், கைப்பட்டை எல்லாம் சேர்க்கப்பட்டன. இடையில் இரண்டரை வருஷம். ஸ்மார்ட் வாட்ச்சின் ஆயுளில் அது பாதி!

இந்த இடைவெளியில்தான் நம் மாநிலத்துக்காரர் ஒருவர் உள்ளே வருகிறார். டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் கடிகாரம் செய்யும் கம்பெனி. 2020 செப்டம்பரில் ஸ்டேட் வங்கியோடு சேர்ந்து 'டைட்டன் பே' என்று ஐந்து கடிகாரங்களை வெளியிட்டது. விலை 2,995 ரூபாயிலிருந்து 5,995 ரூபாய் வரை. பார்க்க முள் வைத்த சாதாரணக் கடிகாரம். பணம் கட்டும் சிப் கடிகாரத்துக்குள் இல்லை, வாரில் இருந்தது. மெஷினிலிருந்து வரும் அலையிலேயே சக்தி எடுத்துக்கொள்ளும் சிப் என்பதால் சார்ஜ் தேவையில்லை. ஸ்டேட் வங்கியில் கணக்கு இருப்பவர்கள் யோனோ வழியாகப் பயன்படுத்தலாம்.

பொறியாளனாக எனக்கு இந்த வடிவமைப்பு ரொம்பப் பிடித்தது. சீக்கிரம் கிழடாகும் பகுதியை வாரில் வைத்துவிட்டார்கள். அடையாறு பஸ் ஸ்டாப்பில் மே மாத வெயிலில் நிற்பவருக்குத் தெரியும், சென்னை வியர்வைக்குத் தோல் வார் எப்படியும் ஒருநாள் மாற்ற வேண்டியதுதான். பணம் கட்டும் வசதி நின்றாலும் கடிகாரம் கடிகாரமாகவே இருக்கும். மூன்றாவது சாவி மட்டும் இங்கேயும் ஒரே ஒரு வங்கியிடம் இருந்தது.

பெரிய கம்பெனிகளோ இந்தியாவில் அவசரம் காட்டவில்லை. 2014 அக்டோபரில் அமெரிக்காவில் தொடங்கிய ஆப்பிள் பே, பத்து வருஷம் கழித்தும் இங்கே வரவில்லை. 2024 மே மாதம் வந்த கூகுள் வாலட்டும் டிக்கெட், போர்டிங் பாஸ் வைத்துக்கொள்ளத்தான். பணம் கட்ட அல்ல.

அதற்குள் தெரு வேறொரு பக்கம் போய்விட்டது. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ. பரிவர்த்தனைக்கு வியாபாரியிடம் கட்டணம் கிடையாது. மயிலாப்பூர் மாட வீதியில் கீரை விற்பவருக்கு மெஷின் வாடகையும் வேண்டாம், கமிஷனும் வேண்டாம், அச்சடித்த ஒரு கியூ.ஆர். அட்டை போதும். 2022 செப்டம்பரில் ரூபே கிரெடிட் கார்டையே யு.பி.ஐ.யில் இணைக்க வழி வந்துவிட்டது. கார்டு வாட்ச்சுக்குள் போக வருஷக்கணக்கில் வாசலில் நின்றது. காகிதத்துக்குள் சுலபமாகப் போய்விட்டது. அந்த அட்டைக்கு மென்பொருள் அப்டேட் கிடையாது. கிழிந்தால் இன்னொன்று ஒட்டிக்கொள்ளலாம்.

இதனால் வாட்ச்சில் கார்டு வீண் என்று சொல்லவில்லை. போனை எடுத்து, ஆப் திறந்து, ஸ்கேன் செய்ய முடியாத கைகள் நிறைய உண்டு. விரல் நடுங்கும் பெரியவர்களுக்கு மணிக்கட்டை நீட்டுவது எவ்வளவோ சுலபம். அவர்களுக்கு வாங்கித் தரும்போதுதான் ஆயுள் கணக்கு முக்கியம். கடைக்காரரிடம் நாலு கேள்வி கேளுங்கள். என் வங்கியின் கார்டு இதில் ஏறுமா? இந்தியாவில் வேலை செய்யுமா? மென்பொருள் அப்டேட் எந்த வருஷம் வரை? வசதி நின்றுபோனால் மீதி என்ன மிஞ்சும்? நாலாவதற்கு 'ஒரு நல்ல கடிகாரம்' என்று பதில் வந்தால் தைரியமாக வாங்கலாம்.

ஏற்கெனவே பழைய வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை. அதை யாருக்காவது கொடுப்பதற்கு முன், போன் ஆப்பில் போய் கார்டை நீக்குங்கள், பிறகு வாட்ச்சை முழுசாக ரீசெட் செய்யுங்கள். ஆப் திறக்கவே மாட்டேன் என்றால் வங்கியைக் கூப்பிட்டு அந்தக் கருவியின் டோக்கனை ரத்து செய்யச் சொல்லுங்கள். கருவி தொலைந்தால் புகார் சொல்ல வங்கி சுலபமான வழி வைத்திருக்க வேண்டும் என்று 2019 சுற்றறிக்கையே சொல்கிறது. திரை அணைந்த வாட்ச் மேசை டிராயரில் தூங்கினாலும், நெட்வொர்க்கின் பேரேட்டில் அதன் பெயர் இன்னும் இருக்கலாம்.