வக்கீலுக்குப் பாதி சாத்திய கதவு

1953ஆம் ஆண்டில் சீன தேசத்திற்குச் சென்றிருந்த துர்காபாய் தேஷ்முக் அம்மையார், குடும்ப வியாஜ்யங்களுக்கென்றே அங்கு இயங்கிய நீதிமன்றங்களைக் கண்டு, அத்தகையவை நம் நாட்டிலும் ஏற்பட வேண்டுமென்று நீதிபதிகள் சாக்ளா, கஜேந்திரகட்கர் ஆகியோரிடமும் பிரதமர் நேருவிடமும் எடுத்துரைத்தார். ராஜமந்திரியில் பிறந்து, சென்னையில் வக்கீல் தொழில் நடத்தியவர் அவர். அந்த யோசனை முப்பது ஆண்டுகளுக்குப் பின் சட்டமானபோது அவர் சார்ந்திருந்த தொழிலுக்கே கதவைப் பாதி சாத்திவிட்டது என்பது சரித்திரத்தின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

இடைக்காலம் நீண்டது. குடும்ப வழக்கைக் கடன் வழக்குப்போல நடத்தலாகாதென்று 1974இல் சட்டக் கமிஷன் தன் 59ஆவது அறிக்கையில் வற்புறுத்தியது; 1976இல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் சமரசத்திற்கென விசேஷ விதிகள் சேர்ந்தன; நீதிமன்றங்களோ அவற்றை அதிகம் கையாளவில்லை. ஆகவே 1984இல் குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது. வக்கீல் வைத்துக்கொள்வதை எத்தரப்பும் உரிமையாகக் கோர இயலாது என்றும், நீதியின் பொருட்டு அவசியமாயின் மன்றமே ஒரு சட்ட நிபுணரைத் துணைக்கு அழைக்கலாம் என்றும் அதன் 13ஆவது பிரிவு கூறியது.

இதன் நியாயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவின்படி கைவிடப்பட்ட மனைவிக்குக் கிடைக்கக்கூடிய ஜீவனாம்சம் மாதம் 500 ரூபாய்க்கு மேற்படக் கூடாதென்ற வரம்பு 2001 வரையில் இருந்தது. அத்தொகைக்காக வாய்தா வாய்தாவாக வக்கீலுக்குப் பணங்கொடுத்த பெண்ணுக்கு மிஞ்சியது என்ன?

ஆயினும், வக்கீலை விலக்கியவர்கள் வக்கீலுக்கென்றே அமைந்த முறையை விலக்கவில்லை. சாட்சிய விதிகளைத் தளர்த்தினார்கள். சமரசத்திற்கு முயல்வது நீதிபதியின் கடமையென்றார்கள். ஆனால் மன்றம் உரிமையியல் மன்றமாகவே கருதப்பட்டதால் மனு, எதிருரை, பிரமாண வாக்குமூலம், குறியீடிட்ட ஆவணங்கள் எல்லாம் அப்படியே நின்றன. டவாலி பெயர் சொல்லி அழைத்ததும் தனியே எழுந்து நிற்கும் பெண்ணின் கையிலுள்ள மனு, பெரும்பாலும் வெளியே ஒரு வக்கீலோ அவருடைய குமாஸ்தாவோ கூலிக்கு எழுதித் தந்ததாகவே இருந்தது. இதனினும் கொடியது குறுக்கு விசாரணை: வக்கீல் இல்லாத இடத்தில் கணவனே மனைவியை நோக்கிக் கேள்வி கேட்க வேண்டும், அவளே அவனை மடக்க வேண்டும். எவனுக்கு அஞ்சி அவள் வீட்டை விட்டு வந்தாளோ அவனே கூண்டின் முன் நின்று கேட்கும் கேள்விக்கு அவள் வாய் எப்படி எழும்? எளியவளுக்கென்று செய்த ஏற்பாடு, பேச்சுத் திறனும் எழுத்தறிவும் உடைய தரப்புக்கே அனுகூலமாயிற்று என்பது என் துணிபு.

நீதிமன்றங்களும் இதை உணர்ந்தன. 13ஆவது பிரிவு முழுத் தடையன்று, அனுமதி வழங்கலாமென்று 1991இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்கள் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறுவதற்கு வழிசெய்த 1987ஆம் ஆண்டுச் சட்டம் 1995இல் அமலுக்கு வந்தது. எல்லா நீதிமன்றங்களிலும் வாதாடும் உரிமையை வழங்கும் வக்கீல்கள் சட்டப் பிரிவு, 1961 முதல் காகிதத்தில் உறங்கி, 2011இல்தான் விழித்தது. இதற்குள் நடைமுறை தன் வழியைத் தேடிக்கொண்டிருந்தது: வக்கீலை அமர்த்திக்கொள்ள அனுமதி கோரும் மனுவொன்றை மூல மனுவுடனேயே தாக்கல் செய்வது சம்பிரதாயமாயிற்று, அந்த மனுவை எழுதிக் கொடுப்பவரும் அதே வக்கீல்தான்.