நிலத்தடி நீரியல் – இடைக்காலப் பாரசீகம்

ஈரானியப் பீடபூமியில் ஆண்டு முழுதும் நீரோடும் ஆறுகள் குறைவு. மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சுரங்கக் கால்வாய் வழியே வயலுக்கு இறக்கும் ‘கனாத்’ முறையே அங்குப் பல ஊர்களை வாழவைத்தது. வறண்ட நிலத்துக்கு நீர் கொணர்ந்தவர்கள் ஐந்து தலைமுறைக்கு அந்நிலத்தை அனுபவிக்கலாம் எனப் பழம் பாரசீக அரசர்கள் உரிமை அளித்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் குறிக்கிறார்.

தோண்டுவோர் ‘முகன்னி’ எனப்பட்டனர். மகன் தந்தையிடம் கற்ற தொழில் இது. மேட்டில் தாய்க்கிணறு இறக்கி நீர்மட்டம் பார்ப்பார்கள். பின்னர் நீர் வெளிப்பட வேண்டிய தாழ்விடத்திலிருந்து அதை நோக்கிச் சுரங்கம் வெட்டுவார்கள். மண் அள்ளவும் காற்று வரவும் வழிநெடுகக் கிணறுகள் உண்டு. சுரங்கத்தின் வாட்டம் (சரிவு) கூடினால் நீர் அரித்துச் சுரங்கம் சரியும். குறைந்தால் வண்டல் தங்கும். வடகிழக்கு ஈரானில் குராசானின் குனாபாத் கனாத்தில் தாய்க்கிணறு 300 மீட்டர்வரை இறங்குகிறது.

இந்த அறிவை முதலில் ஏட்டில் ஏற்றியது வழக்குகள்தாம். 9ஆம் நூற்றாண்டில் குராசான் ஆளுநர் அப்துல்லா இப்னு தாஹிர், ஓயாத நீர்த் தகராறுகளைத் தீர்க்கச் சட்ட அறிஞர்களைக் கூட்டிக் கனாத் நூலொன்றை எழுதச் செய்தார். இரு நூற்றாண்டுக்குப் பின்னும் அது பயன்பாட்டில் இருந்ததாக வரலாற்றாசிரியர் கர்தீசி எழுதினார். இன்று அந்நூல் இல்லை.

கிடைப்பவற்றுள் தலைசிறந்தது அல்-கரஜீயின் ‘மறைந்த நீரை வெளிக்கொணர்தல்’. பாக்தாதில் இயற்கணிதத்தால் பெயர்பெற்ற இவர், ஈரானின் மலைநாட்டுக்குத் திரும்பி, 1017 அளவில் இதை அரபியில் எழுதினார். பனியும் மழையுமே ஊற்றுகளுக்கு முதன்மை ஆதாரம் என்றார். மலையின் அமைப்பு, செடிகொடிகள் ஆகியவற்றைக் கொண்டு நீர் இருக்குமிடம் அறிவது, சுவையால் நீரின் தரம் பார்ப்பது எனப் பலவும் நூலில் உண்டு. ஆனால் கணிதரின் கை தெரிவது மட்டம் பார்க்கும் கருவிகளில்தான். பழையவற்றை விளக்கியபின் தாமே வகுத்த கருவியையும் தருகிறார். ஒரு கிணற்றருகே மற்றொன்று தோண்டக்கூடாத எல்லையையும், அதாவது ‘ஹரீம்’ என்பதையும், அவர் விரிவாக ஆராய்கிறார். முகன்னிகளின் கைப்பழக்கத்தைக் கணக்காக மாற்றியதே அவருடைய சாதனை. அவரது இயற்கணிதத்துக்குக் கிடைத்த புகழில் பாதிகூட இதற்குக் கிடைக்கவில்லை.

கனாத் முறை இந்தியாவின் தக்காணத்துக்கும் வந்தது. பாமினி சுல்தான்களின் தலைநகரான பீதரில் 15ஆம் நூற்றாண்டுச் சுரங்கக் கால்வாய் இன்றும் உள்ளது. கரஜீயின் அரபு மூலம் 1940இல் ஹைதராபாத்தில் அச்சேறியது. 2016இல் ஈரானின் 11 கனாத்கள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.