விளையாட்டுத் திரைப்படமும் வீரர் பற்றிய சமுதாயப் பார்வையும்: பினாங்கை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

விளையாட்டு வீரரைச் சமுதாயம் இருவழியாக அறிகிறது. ஆடுகளத்தில் நேரில் கண்டோரின் நினைவு ஒன்று. அந்நினைவு மங்கிய பின் அதனிடத்தைப் பெறும் கதை மற்றொன்று. இன்று அக்கதையைப் பெரிதும் சொல்வது திரைப்படமே. பினாங்கு வீரர் ஒருவரைப் பற்றிய படத்தையும், தமிழ் வீரர் ஒருவரின் சாயல் கொண்ட படத்தையும் ஒப்புநோக்கி, திரை எதை நிலைநிறுத்துகிறது, எதை விட்டுவிடுகிறது என இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வெற்றியில் முடியும் கதை

பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த பூப்பந்து வீரர் லீ சோங் வெய்யின் இளமைக்கால வரலாற்றைத் தெங் பீ இயக்கிய படம் 2018ஆம் ஆண்டு வெளிவந்தது. எளிய குடும்பம், இடையறாப் பயிற்சி, இறுதியில் வெற்றி என்னும் படிமுறையில் அது அமைந்துள்ளது. 2006ஆம் ஆண்டு மலேசியப் பொதுவிருதுப் போட்டியில் சீனாவின் லின் டானை அவர் வென்றதே அதன் உச்சம். மூன்றாம் ஆட்டத்தில் 13–20 எனப் பின்தங்கியிருந்து 23–21 என வென்ற ஆட்டம் அது.

ஆயின், லீ பெற்ற பெருமதிப்பு அவ்வெற்றியால் மட்டும் விளைந்ததன்று. 2008, 2012, 2016 ஆகிய மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டங்களிலும் தோற்று வெள்ளி பெற்ற பின்னரும் அவர் ஆடுகளம் திரும்பினார். தோல்வியைத் தாங்கிய அவ்வுறுதி படத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டதாகி விடுகிறது.

ஒரே ஆட்டத்தில் உச்சமடையும் கதையையே திரை விரும்புகிறது எனலாம். ஜார்ஜ் டவுனில் பிறந்த நிகோல் டேவிட்டின் வாழ்வு அத்தகைய வடிவுக்குள் அடங்குவதன்று. சுவர்ப்பந்தில் எட்டுமுறை உலகப் பட்டம் வென்ற அவர், 2006 முதல் 2015 வரை தொடர்ந்து உலகின் முதலிடத்தில் இருந்தார். அவர் ஆடிய காலத்தில் அவ்விளையாட்டு ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை.

முத்து குமாரும் ஆறுமுகமும்

சியூ கெங் குவான் இயக்கிய ‘ஓலா போலா’ 2016இல் வெளிவந்தது. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2–1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற மலேசியக் காற்பந்துக் குழுவே அதன் மூலம். சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்ததை எதிர்த்து மலேசியா அப்போட்டியைப் புறக்கணித்தமையால் அவ்வீரர்கள் மாஸ்கோ செல்லவில்லை. அவர்கள் இழந்த பெருமையை முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் மீட்டளித்தது இப்படத்தின் அரும்பணி ஆகும். மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் ஒரே குழுவாய் ஆடிய காலத்தையும் அது நினைவூட்டியது.

எனினும், படத்தின் மாந்தர் பெயர்கள் புனைபெயர்களே. அதில் கோல் காவலராக வரும் முத்து குமார், ‘ஸ்பைடர்மேன்’ எனப் போற்றப்பட்ட ஆர். ஆறுமுகத்தின் சாயலில் அமைந்தவர். ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 35. அவர் ஆட்டத்தைக் காணாத தலைமுறைக்கு முத்து குமாரே முதலில் அறிமுகமாகிறார். புனைபெயர் நிலைக்க, உண்மைப் பெயர் மறையும் நிலை இதனால் உருவாகிறது.

முடிவுரை

திரைப்படம் வீரரை மறதியினின்று மீட்கிறது. மீட்கும்போதே அவரைத் தன் கதைக்கேற்ப மாற்றியும் விடுகிறது. எனவே, இத்தகைய படங்களை வகுப்பில் பயன்படுத்தும் தமிழாசிரியர்கள், படம் முடியும் இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்குதல் நலம். 2006க்குப் பின் லீ கண்ட தோல்விகள் யாவை, முத்து குமாருக்குப் பின்னால் நிற்பவர் யார் என மாணவர் தேடட்டும். மலேசியத் தமிழர் விளையாட்டு வரலாறு முழுமையாக எழுதப்பட வேண்டுமாயின், ஆறுமுகம் என்னும் பெயர் முதலில் நம் மாணவர் நாவில் நிற்றல் வேண்டும்.