தொண்டை நோவும் தொலைந்துபோன கிளினிக் கொப்பியும்

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்த நண்பரைக் காணச் சென்றிருந்தேன். அடுத்த அறையில் தாயுடன் இருந்த இளைஞனுக்கு இருபத்து நான்கு வயதுதான் இருக்கும். வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்தவன். தேநீர்க் கோப்பையை எடுத்தபோது வலக்கை சோர்ந்து, கோப்பை கீழே விழுந்தது. பேச முயன்றான், நாக் குழறியது. வாய் ஒரு பக்கம் கோணியது. 'இரவு குடித்திருப்பான்' என்றார் ஒருவர். 'பயந்திருக்கிறான், தண்ணீர் கொடுங்கள்' என்றார் இன்னொருவர். இந்த வயதில் பாரிசவாதம் வரும் என்று அங்கிருந்த எவரும் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை.

வைத்தியசாலையில் இளம் மருத்துவர் முதலில் நாடியைப் பிடித்தார். நெடுநேரம் விரலை எடுக்கவில்லை. துடிப்பில் ஓர் ஒழுங்கும் இல்லை. பிறகு தாயாரிடம் கேட்டார்: "சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா?"

"வந்தது ஐயா. மாதாமாதம் ஊசி போட்டனாங்கள். தொண்ணூற்றைந்து இடப்பெயர்வோடு விட்டுப்போச்சு. கிளினிக் கொப்பியும் வீட்டோடு போச்சு."

ஒரு நோயின் வரலாறு முழுவதும் அந்தப் பதிலில் அடங்கியிருந்தது என்பதைப் பின்னாளில் படித்தே அறிந்தேன்.

அந்நோய் சிறு பிள்ளைகளின் தொண்டை நோவில் தொடங்குகிறது. ஸ்ரெப்ரோகொக்கஸ் என்னும் நுண்ணுயிரியை எதிர்த்து எழும் உடலின் காவற்படை, சிலரில் வழி தவறித் தன் சொந்த மூட்டுகளையும் இருதயத்தையும் தாக்குகிறது. இதுவே ருமற்றிக் காய்ச்சல். மூட்டு வீக்கம் சில வாரங்களில் வற்றிவிடும்; இருதய வால்வில் விழுந்த தழும்பு வற்றாது. காய்ச்சல் திரும்பத் திரும்ப வர, இடப்பக்க வால்வு குறுகும். அதற்கு மேலுள்ள அறை வீங்கி, ஒழுங்காகச் சுருங்குவதை விட்டு வெறுமனே நடுங்கும். தேங்கிய இரத்தம் கட்டியாகும். அக்கட்டி ஒரு நாள் மூளைக் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

மூட்டு நோய்க்கும் இருதய நோய்க்கும் உள்ள உறவை 1836இல் பாரிஸ் மருத்துவர் பூயோ விரிவாக எடுத்துக்காட்டினார். ஒழுங்கற்ற நாடிக்கு மேலறையின் நடுக்கமே காரணம் என்பதை, அப்போது புதிதாக வந்திருந்த ஈசிஜி கருவியின் துணைகொண்டு 1909இல் லண்டனில் தோமஸ் லூயிஸ் நிறுவினார். 1925இல் அதே நகரில் ஹென்றி சௌட்டார் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், இருபது வயது நிரம்பாத ஒரு பெண்ணின் துடிக்கும் இருதயத்துள் விரலை நுழைத்து வால்வை விரித்தார். அவள் பிழைத்து வீடு திரும்பினாள். சில ஆண்டுகளின் பின் அவள் உயிரைப் பறித்ததும் மூளைக்குச் சென்ற ஓர் இரத்தக்கட்டியே.

பெனிசிலின் வந்த பின்னர் மேலை நாடுகள் இந்நோயைப் பெரும்பாலும் மறந்தன. உண்மையில் பெனிசிலினுக்கு முன்பே அங்கு நோய் குறையத் தொடங்கிவிட்டது. வீடுகள் விசாலமானதும் ஒரே அறையில் பலர் உறங்கும் நிலை மாறியதும் அதற்குக் காரணங்கள். நம் பக்கத்தில் அது நடக்கவில்லை. இந்தியாவில் பதின்ம வயதிலேயே வால்வு குறுகிவிடுவதை 1963இல் டில்லி மருத்துவர் எஸ்.பி. ரோயும் குழுவினரும் உலகுக்கு அறிவித்தனர். 1983இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஸ்டான்லி ஜோன் குழுவினர் வெளியிட்ட கட்டுரையில், தொடர்ச்சியாக வால்வு விரிப்புச் செய்யப்பட்டவர்களின் எண்ணிக்கை 3,724.

தடுப்பு மருந்து இன்றும் மலிவானதே. மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி, ஆண்டுக்கணக்கில். நடுக்கம் தொடங்கிவிட்டால் இரத்தம் கட்டாதிருக்க வார்பரின். 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து 1954இல் மனிதருக்கு அனுமதிக்கப்பட்ட மருந்து அது. இரத்தத்தை அடிக்கடி பரிசோதித்து அளவைச் சரிபார்க்க வேண்டும். பரிசோதனை வேண்டாத புதிய மருந்து ஏழை நாடுகளின் துயரைத் தீர்க்கும் என நம்பி, 24 நாடுகளில் 4,500க்கு மேற்பட்ட ருமற்றிக் இருதய நோயாளரிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2022இல் முடிவு வந்தது: பழைய மருந்தை உட்கொண்டோரிடையே மரணம் குறைவு.

ஆக, ஊசிக்கும் தவணை வேண்டும். மாத்திரைக்கும் தவணை வேண்டும். தவணைக்கு நிலையான முகவரி வேண்டும். அந்த முகவரியைத்தான் நம்மவர் இழந்தார்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் வெறுமையானபோது, மழையில் நடந்தவர்கள் எதையெதை எடுத்துச் சென்றார்கள் என்பது பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். எடுக்க மறந்த கிளினிக் கொப்பிகளைப் பற்றி எவரும் எழுதவில்லை. 2007 ஜூன் 7 அதிகாலை கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய இடங்களின் லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு அகற்றப்பட்டார்கள். மருத்துவ சிகிச்சைக்காகக் கொழும்பு வந்திருந்தோரும் அவர்களுள் இருந்தனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. சில நாட்களில் பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். அது அரசியற் செய்தியாகவே பதிவாயிற்று. தவறிய தவணைகளை எந்தப் பத்திரிகையும் கணக்கெடுக்கவில்லை. என் தொழிலின் குறையாகவே இதைச் சொல்கிறேன்.

இளவயதில் நாடி தடுமாறுவதற்கெல்லாம் இதுவே காரணம் என்பதில்லை. தைரொயிட் கோளாறு, பிறவி இருதயக் குறை, மிதமிஞ்சிய மது என வேறு காரணங்களும் உண்டு. எதுவாயினும் முகம் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் வயதைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு உரிய அவகாசம் நாலரை மணி நேரம்தான். 2016இல் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவை இன்று ஓர் அழைப்புத் தூரத்தில் இருக்கிறது. அன்று நாங்கள் முச்சக்கர வண்டி தேடி அலைந்தோம்.

அவன் பிழைத்தான். பேச்சுத் திரும்பியது, வலக்கை முழுமையாகத் திரும்பவில்லை. விடைபெற வந்தபோது கடவுச்சீட்டு இருந்த உறையைக் காட்டினான். அதற்குள் புதிய கிளினிக் கொப்பியும் இருந்தது. "இனி எங்கே போனாலும் இரண்டும் ஒன்றாகத்தான் போகும்" என்றான்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கும் அதையே சொல்வேன். சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் வந்ததாக அம்மா எப்போதாவது சொல்லியிருந்தால், அதை உங்கள் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். அந்நாடுகளின் இளம் மருத்துவர்களுக்கு அதைக் கேட்கத் தோன்றாமலும் போகலாம்.