கொழுவிய பெட்டி: இழுவை வாகனக் காப்புறுதியின் வரலாறும் நறுவிலிக்குளத்து உழைப்பாளர் நிலையும்

முன்னுரை

மன்னார்ப் பெருநிலப்பரப்பில், வங்காலையை அடுத்து, நானாட்டான் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அமைந்த ஊர் நறுவிலிக்குளம். கடலும் வயலும் அருகருகே கிடக்கும் இப்பகுதியில் இரு தொழிலுக்கும் பொதுவான வாகனம் பெட்டி கொழுவிய உழவு இயந்திரமே. காலபோக அறுவடையில் நெல் மூடை ஏற்றுவதும், அருவி ஆற்று மணலை வீடு கட்டும் இடத்துக்குக் கொண்டுவருவதும், வலையையும் படகு இயந்திரத்தையும் கரைக்கு எடுத்துச் செல்வதும் அதுதான். விடியற்காலையில் வயலுக்குப் போகும் கூலியாட்களும் அந்தப் பெட்டியில்தான் ஏறுகிறார்கள்.

காருக்குப் பின்னால் இழுபடும் பொதிப்பெட்டிக்கும், உல்லாசப் பயணிகளின் 'கரவன்' எனப்படும் வீட்டுவண்டிக்கும் மேற்குலகில் தனிக் காப்புறுதி உண்டு. நம் ஊரில் அவற்றின் இடத்தில் இருப்பது இந்தப் பெட்டி. ஆகவே இழுபடும் வாகனத்துக்குக் காப்புறுதி வந்த வழியை ஆராய்பவர் நறுவிலிக்குளத்துப் பெட்டியிலிருந்தே தொடங்கலாம். சட்டம் முதலில் வீதியில் நிற்பவரைக் காத்தது. பிறகு பெட்டியைக் கணக்கில் எடுத்தது. பெட்டிக்குள் அமர்ந்திருப்பவரைக் கடைசிவரை வெளியே விட்டது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூடார வண்டியிலிருந்து பெட்டிக்கு

இழுபடும் வண்டியில் குடும்பத்தோடு பயணம் போவது மன்னாருக்குப் புதிதன்று. ஆகஸ்ட் 15இல் நிறைவுறும் மடுமாதா திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னார்க் கரையோர ஊர்களிலிருந்தும் மக்கள் கூடார மாட்டுவண்டிகளில் போனார்கள். அரிசியும் பாயும் சட்டிபானையும் வண்டியிலேயே இருந்தன; நவநாள்கள் முடியும்வரை மரநிழலில் தங்கினார்கள். மாடு போய் உழவு இயந்திரம் வந்தபோது கூடாரம் பெட்டிக்கு மாறியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஃபெர்குசன், மாஸி ஃபெர்குசன் இயந்திரங்களும், பிறகு 'லாண்ட்மாஸ்டர்' என்ற பெயரே பொதுப்பெயராகிவிட்ட இருசில்லு இயந்திரங்களும் வன்னி வயல்களில் பரவின. ஏரைக் கழற்றிவிட்டுப் பெட்டியைக் கொழுவினால் உழும் கருவி வீதி வாகனமாகிவிடும். இதை ஓட்டுபவன் ஒரு நொடியில் செய்துவிடுவான். ஆனால் அது எந்த நொடியில் கருவி, எந்த நொடியில் வாகனம் என்ற கேள்விக்கு விடை காணச் சட்டம் நூறாண்டு திணறியது.

போர்க்காலத்தில் பெட்டியின் பொறுப்பு இன்னும் கனத்தது. 2007, 2008ஆம் ஆண்டுகளில் மன்னார்ப் பெருநிலத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது கூரைத்தகடு முதல் கிழவர் குழந்தைகள்வரை பெட்டியில் ஏற்றப்பட்டார்கள். கிழக்கு நோக்கிப் போன இயந்திரங்கள் பல திரும்பி வரவில்லை. போரால் விளையும் இழப்பை மோட்டார் காப்புறுதிப் பத்திரங்கள் பொதுவாக விலக்கிவிடும். ஒரு குடும்பத்தின் மிகப் பெரிய சொத்து அழிந்தபோது பத்திரம் கையில் இருந்தாலும் பயனற்றுப் போனதற்கு இதுவே காரணம்.

பிரித்தானிய வார்ப்பு

மோட்டார் வண்டிக்கு வழிவிட்ட முதற்சட்டமே இழுபடும் வண்டியைப் பற்றிப் பேசுகிறது. பிரித்தானியாவின் 1896ஆம் ஆண்டு நெடுஞ்சாலை இயக்கிகள் சட்டம், 'இலகு இயக்கி' ஒரு வண்டிக்கு மேல் இழுக்கக் கூடாது என்றும், வெற்று நிலையில் இரண்டும் சேர்ந்து 4 டன்னுக்கு மேற்படக் கூடாது என்றும் வரையறுத்தது. அதாவது, இழுபடுவது தனி வாகனமாகவன்றி இழுப்பதன் ஒரு கூறாகவே முதலில் பார்க்கப்பட்டது.

வீட்டுவண்டியின் கதையும் இதே காலத்தது. 1885இல் மருத்துவரும் எழுத்தாளருமான வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் பிறிஸ்டலில் செய்வித்த 'வாண்டரர்' குதிரைகள் இழுத்த உல்லாச வண்டி. 1907இல் கரவன் கழகம் பிரித்தானியாவில் தோன்றியது. 1919இல் எக்கிள்ஸ் நிறுவனம் காரால் இழுக்கப்படும் கரவன்களைத் தயாரிக்கத் தொடங்கியது. செல்வர்களின் பொழுதுபோக்காக இருந்தவரை அதன் காப்புறுதி உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்த விடயமாகவே இருந்தது.

விருப்பம் கட்டாயமானது 1930ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தால். வீதியில் மோட்டார் வாகனம் செலுத்துபவர் மூன்றாம் தரப்பினரின் உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் காப்புறுதி வைத்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. எனினும் இரு கூட்டத்தாரை அச்சட்டம் வெளியே நிறுத்தியது. வாகன உரிமையாளரின் சொந்தப் பணியாளருக்குத் தொழில் வழி நேரும் காயம் கட்டாயக் காப்பினுள் வரவில்லை. காசு கொடுத்தோ தொழில் ஒப்பந்தத்தாலோ அன்றி ஏறிய பயணியும் வரவில்லை. பயணிகளையும் கட்டாயமாகக் காக்கும் சட்டம் அந்நாட்டில் 1971இல்தான் இயற்றப்பட்டது.

காப்புறுதி நிறுவனங்கள் தம் பத்திரங்களில் மேலும் ஒரு வேலி போட்டன. இழுவைப் பெட்டியை இழுக்கும்போது காப்பு இல்லை. பழுதடைந்த ஒரு வாகனத்தைக் கட்டி இழுப்பது மட்டும் இதற்கு விதிவிலக்கு. இந்த வாசகம் பேரரசின் குடியேற்ற நாடுகளுக்கும் பரவி, இந்தியச் சரக்கு வாகனப் பத்திரங்களில் இன்றும் நிற்கிறது.

இலங்கைச் சட்டம்

இலங்கையில் கட்டாய மோட்டார் காப்புறுதி 1938ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க மோட்டார்க் கார் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. அதன் இடத்தைப் பிடித்தது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். மூன்றாம் தரப்புக் காப்புறுதியின்றி வீதியில் வாகனம் பாவிப்பதை அதன் 99ஆம் பிரிவு தடைசெய்கிறது. நீதிமன்றம் நட்டஈட்டுத் தீர்ப்பு வழங்கினால் அதை நிறைவேற்றும் கடமையை 105ஆம் பிரிவு காப்புறுதியாளர்மீது சுமத்துகிறது.

திருத்தங்களோடு இன்று நடைமுறையிலுள்ள வடிவில் இச்சட்டம் 'மோட்டார் வாகனம்' என்ற சொல்லுக்குள் உழவு இயந்திரத்தையும் இழுவைப் பெட்டியையும் சேர்க்கிறது. மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுப் புள்ளிவிவரங்களிலும் உழவு இயந்திரம் ஒரு வரிசை, பெட்டி மற்றொரு வரிசை. இயந்திரமில்லாத பெட்டியையும் வாகனமாக ஏற்ற இந்தப் பார்வை, 1896இன் பார்வைக்கு நேர்மாறானது. ஆனால் யாரைக் காப்பது என்பதில் இலங்கை பிரித்தானிய வார்ப்பையே பின்பற்றியது. பணியாளரின் காயம், குற்றம் யாருடையது என்று கேளாமல் தொழில்தருநரைப் பொறுப்பாளியாக்கும் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்திடம் விடப்பட்டது.

காப்புறுதித் துறையின் அமைப்பும் இக்காலத்தில் பலமுறை மாறியது. 1961ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தால் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் உருவாகி, சில ஆண்டுகளில் பொதுக் காப்புறுதியின் தனியுரிமையும் அரசின் கைக்கு வந்தது. 1980களின் பிற்பகுதியில் தனியார் மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் ஒழுங்குபடுத்தும் சபையை நிறுவியது. அதுவே பின்னர் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவாயிற்று.

இதே நாடு 1958இலேயே நெற்பயிருக்குக் காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கி, 1961இல் அதற்கெனத் தனிச்சட்டமும் இயற்றியது. வயலில் நிற்கும் நெல்லுக்கு அறுபதாண்டுகளுக்கு முன்பே அரசின் கண் திறந்தது. அந்த நெல்லை அறுத்து, மூடைமேல் ஏறி வீடு திரும்பும் மனிதருக்கு அப்படியொரு தனி ஏற்பாடு வரவில்லை.

இந்திய அனுபவம்

பாக்கு நீரிணைக்கு அப்பால் இக்கேள்வி நீதிமன்றங்களில் மிக விரிவாக அலசப்பட்டது. இந்தியாவில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கட்டாயக் காப்புறுதி அத்தியாயம் 1946 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் இரு வரையறைகளைத் தெளிவாகப் பிரித்தது. 'டிராக்டர்' தானே சுமை ஏற்றுவதற்காகக் கட்டப்படாத வாகனம். 'டிரெய்லர்' மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படுவது அல்லது இழுக்கப்படுவதற்கானது. இதன் விளைவு பெரிது. டிராக்டருக்கு மட்டும் பத்திரம் எடுத்தவரின் பெட்டியில் விபத்து நேர்ந்தால், பெட்டி காப்பினுள் இல்லை என்று நிறுவனம் வாதிடலாம்.

2002ஆம் ஆண்டு இந்திய மோட்டார்க் கட்டண விதிகளின் 30ஆம் இணைப்பு காரால் இழுக்கப்படும் பெட்டிக்கானது. கூடுதல் கட்டணம் செலுத்தினால் பெட்டிக்கும் காப்பு கிடைக்கும். ஆனால் பெட்டிக்குள் உள்ள பொருள் 'பெட்டி' என்ற சொல்லில் அடங்காது. பெட்டியில் ஏற்றிச் செல்லப்படுபவரின் உயிரிழப்பும் காயமும், தொழில் ஒப்பந்தத்தால் ஏறியவர் தவிர, விலக்கப்படும்.

2007இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று இதன் கொடுமையை வெளிப்படையாகக் காட்டியது. டிராக்டரோடு இணைந்த பெட்டியில் போன மண்வெட்டும் கூலித் தொழிலாளி படுகாயமடைந்தார். டிராக்டருக்குக் காப்பு இருந்தது. அது விவசாயப் பாவனைக்கு மட்டும். பெட்டிக்குக் காப்பு இல்லை. சட்டப்படி நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்றே நீதிமன்றம் முடிவு செய்தது. எனினும் அவர் ஏழைத் தொழிலாளி என்பதைக் கருதி, அரசியலமைப்பின் 142ஆம் உறுப்புரை தரும் தனி அதிகாரத்தால், நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் அறவிடட்டும் என்று பணித்தது. அந்தத் தொழிலாளிக்குச் சட்டம் தராததை நீதிபதிகளின் இரக்கம் தந்தது. இரக்கம் எல்லா வழக்கிலும் வாய்க்காது.

ஐரோப்பிய விடைகள்

ஐரோப்பியச் சமூகத்தின் 1972ஆம் ஆண்டு மோட்டார் காப்புறுதிப் பணிப்புரை, கொழுவியிருந்தாலும் கழற்றியிருந்தாலும் இழுவைப் பெட்டி வாகனமே என்று வரையறுத்தது. அதன் முழுப்பொருள் ஸ்லோவேனிய நாட்டுப் பண்ணையொன்றில்தான் வெளிப்பட்டது. 2007 ஆகஸ்ட் 13இல், வைக்கோல் கட்டுகளைப் பரணில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னோக்கி வந்த உழவு இயந்திரத்தின் பெட்டி ஏணியில் தட்ட, அதில் நின்றவர் விழுந்து காயமடைந்தார். அது வீதியன்று, பண்ணை முற்றம். இயந்திரம் அப்போது வாகனமாக இயங்கவில்லை என்பது எதிர்வாதம். வாகனத்தின் வழமையான தொழிற்பாட்டுக்கு ஒத்த எந்தப் பாவனையும் கட்டாயக் காப்பினுள் வரும் என்று 2014 செப்டம்பர் 4இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 2021ஆம் ஆண்டுப் பணிப்புரை இதைப் போக்குவரத்துச் சாதனமாகப் பாவிக்கும் வேளைக்கு மட்டுப்படுத்தியது. பிரித்தானியா 2022இல் தனிச்சட்டம் இயற்றித் தீர்ப்பின் பாதிப்பையே நீக்கிக்கொண்டது.

ஜெர்மனி வேறு வழியில் போனது. விபத்துக்குள்ளானவர் கண்ணில் படுவது பெரும்பாலும் பின்னால் உள்ள பெட்டியின் இலக்கத் தகடுதான். எனவே 2002இல் பெட்டியின் உரிமையாளரும் நேரடியாகப் பொறுப்பாளியாக்கப்பட்டார். இழுக்கும் வாகனத்தின் காப்புறுதியாளரும் பெட்டியின் காப்புறுதியாளரும் நட்டத்தைச் சரிபாதி ஏற்க வேண்டும் என்று 2010இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் கூறியது. 2020இல் புதிய சட்டம், இருவருக்குமிடையிலான கணக்கில் பொறுப்பு பொதுவாக இழுப்பவருடையதே என்று மாற்றியது. நிறுவனங்களின் கணக்கு பலமுறை மாறியபோதும், காயப்பட்டவர் இருவரில் எவரையும் கேட்கலாம் என்ற உரிமை மாறவில்லை. நாம் கற்க வேண்டியது இதையே.

மூன்று நிலைகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று நிலைகளைப் பிரித்தறியலாம். முதல் நிலையில் பெட்டி இழுப்பதன் உறுப்பு. இரண்டாம் நிலையில் அது தனக்கெனப் பதிவும் பத்திரமும் கொண்ட வாகனம். மூன்றாம் நிலையில் கழற்றி நிறுத்திய பெட்டிக்கும், முற்றத்திலும் வயலிலும் நேரும் விபத்துக்கும் காப்பு நீள்கிறது. இலங்கை இரண்டாம் நிலையில் நிற்கிறது.

நறுவிலிக்குளத்தில் இதன் பொருள் என்ன? மங்கிய மாலையில் வீதியோரம் கழற்றி விட்ட, பின்விளக்கில்லாத பெட்டியில் மோட்டார் சைக்கிள் மோதுகிறது. வயல் வரம்பில் பெட்டி கவிழ்கிறது. கடற்கரையில் உழவு இயந்திரத்தில் பூட்டிய சுழற்றுப்பொறி கரைவலையை இழுக்கும்போது கயிறு அறுந்து ஒருவரைத் தாக்குகிறது. முதலாவது வீதியில் நேர்வது. பெட்டிக்குரிய பத்திரம் இருந்தால் கேட்க இடமுண்டு. மற்ற இரண்டும் வீதிக்கு வெளியே, வாகனத்துக்கும் கருவிக்கும் இடைப்பட்ட நிலத்தில் நேர்பவை. அங்கே மூன்றாம் தரப்புப் பத்திரம் ஒன்றையே நம்பியிருக்க முடியாது.

பெட்டியில் ஏறும் கூலியாளின் நிலை இதிலும் மோசமானது. அவர் வீதியில் நிற்கும் மூன்றாம் தரப்பினரும் அல்லர். காசு கொடுத்து ஏறிய பயணியும் அல்லர். உரிமையாளரின் ஆளென்றால் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் பக்கம் அனுப்பப்படுவார். அவரை வேலைக்கு அழைத்த வயற்காரர் ஒருவர், பெட்டிக்காரர் வேறொருவர் என்றால், பொறுப்பு யாருடையது என்பதே வழக்காகிவிடும். அறுவடைக் காலத்தில் இந்தப் பிந்திய ஏற்பாடுதான் ஊரில் மிகுதி.

முடிவுரை

இழுவைப் பெட்டிக் காப்புறுதியின் வரலாறு, வாகனத்தின் எல்லை எதுவரை என்ற வாதமாகவே நடந்து வந்தது. மனிதர் எங்கிருக்கிறார் என்பதைப் பொறுத்து அவருடைய உயிரின் பெறுமதி மாறலாகாது என்ற எளிய நியாயம் அதில் பின்தள்ளப்பட்டது. மோட்டார் வாகனச் சட்டம் அடுத்த முறை திருத்தப்படும்போது, விவசாய வேலைக்காகப் பெட்டியில் ஏறுபவரையும் கட்டாயக் காப்பினுள் சேர்க்க வேண்டும். அதற்கான கூடுதல் கட்டணத்தில் ஒரு பங்கைக் கமநலத் திட்டங்கள்வழி அரசு ஏற்கலாம். பயிருக்குச் செய்ததை ஆளுக்கும் செய்வதே இது.

சட்டம் வரும்வரை உரிமையாளர்கள் செய்யக்கூடியது உண்டு. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கக் காப்புறுதி எடுக்கும் நாளில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பெட்டியின் பதிவு இலக்கம் பத்திரத்தில் இருக்கிறதா? பாவனை என்ற இடத்தில் விவசாயம் மட்டும் எழுதப்பட்டிருக்க, நீங்கள் வாடகைக்கு மணல் ஏற்றுகிறீர்களா? உங்களோடு வரும் வேலையாட்களுக்கு மேலதிகக் காப்பு சேர்க்கப்பட்டுள்ளதா? விடைகளை எழுத்தில் வாங்குங்கள். நாளை விடியலில் உங்கள் பெட்டியில் ஏறப்போகிறவர் உங்கள் ஊரவர்.