கை தொட்டதும் தொடாததும்

நெசவு பற்றிப் பேச எனக்கு அருகதை குறைவு. தமிழ் எம்.ஏ. படித்தவன், 'நூல்' என்றால் முதலில் புத்தகம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனாலும் சூழலைக் கெடுக்காத வடிவமைப்பு என்ற சொல்லாடல் இன்று புழங்கும் விதம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எந்த இழை 'பசுமை', எது இல்லை என்று பட்டியல் போடுகிறார்கள். ஒரு பொருளை அறிவது என்றால் பட்டியலை மனப்பாடம் பண்ணுவதா? இந்தக் கேள்வியோடுதான் ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியின் நெசவுக்கூட வரலாற்றுக்குள் போனேன்.

1919இல் வைமாரில் தொடங்கிய பௌஹவுஸ் ஆண்-பெண் சமத்துவம் பேசியது. நடைமுறையில், வந்த பெண்களில் பெரும்பாலோரை நெசவுக்கூடத்துக்குத் தள்ளிவிட்டது. 1922இல் சேர்ந்த அன்னி ஆல்பர்ஸ் விரும்பியது கண்ணாடி வேலையை, கிடைத்தது தறி. ஓவியம் மூளையின் காரியம், நெசவு கையின் காரியம் என்ற படிநிலை நவீனத்துவத்தின் கோட்டைக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. வேடிக்கை என்னவென்றால், ஒதுக்கிவைத்த அந்த இடத்தில்தான் பொருளோடு நேரடியாக முட்டிமோதும் சோதனைகள் நடந்தன. பாவும் ஊடையும் எதற்கு இணங்கும், எங்கே முரண்டு பிடிக்கும் என்று விரலால் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

1930இல் பட்டயத்துக்காக அன்னி நெய்தது ஒரு சுவர்த்துணி. ஹான்னஸ் மேயர் வடிவமைத்த பெர்னாவ் தொழிற்சங்கப் பள்ளியின் அரங்குக்கானது. முன்பக்கம் செல்லோஃபேன், ஒளியைத் திருப்பியனுப்ப. பின்பக்கம் செனில் நூல், ஒலியை உறிஞ்ச. அலங்காரம் மேலே ஒட்டியதல்ல, துணியின் கட்டமைப்பே வேலை செய்தது.

நாஜிகளின் நெருக்கடியில் 1933இல் பௌஹவுஸ் மூடியது. அதே ஆண்டு அன்னி அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போனார். அங்கே சோள மணி, புல், உலோகச் சீவல், ஊசியால் குத்திய காகிதம் எல்லாமே நெசவுப் பாடம். 1940 வாக்கில் மாணவர் அலெக்ஸ் ரீடுடன் சேர்ந்து, கழுவுதொட்டிச் சல்லடையையும் காகிதக் கவ்விகளையும் வைத்துக் கழுத்தணி செய்தார். 'விலையுயர்ந்த பொருள்' என்ற கருத்தே அதில் ஆட்டம் கண்டது. கையில் இருப்பதன் சாத்தியங்களைத் தீரும்வரை பார், வாங்குவதெல்லாம் அப்புறம்: இன்றைய வடிவமைப்பாளருக்கு இதைவிடப் பெரிய பாடம் உண்டா?

தன் ஆசான்கள் பண்டைய பெருவின் நெசவாளர்களே என்று சொல்லி, 1965இல் வந்த 'நெசவு பற்றி' நூலை அவர்களுக்கே சமர்ப்பித்தார். பள்ளியில் செய்தால் 'சோதனை', பெருவில் செய்தால் 'மரபு' என்று பிரித்துப் பழகிய நமக்கு அந்தச் சமர்ப்பணம் ஒரு குட்டு.

இங்கேயே முடித்தால் கட்டுரை சுகமாக இருக்கும். ஆனால் அந்த செல்லோஃபேன் விடமாட்டேன் என்கிறது. அது மரக்கூழிலிருந்து வருவது. பசுமைப் பட்டியலில் லேசாக ஏறிவிடும். அதைச் செய்யும் விஸ்கோஸ் முறைக்குக் கார்பன் டைசல்ஃபைடு வேண்டும். நரம்பையும் மனதையும் குலைக்கும் நஞ்சு அது. ரப்பர் தொழிலாளரிடம் அதன் விளைவை பிரெஞ்சு மருத்துவர் டெல்பெக் 1856இலேயே எழுதிவிட்டார். தொழிற்சங்கப் பள்ளியின் சுவரில் மின்னியது அப்படியொரு பொருள்!

அன்னியைக் குற்றக்கூண்டில் நிறுத்துவதல்ல என் நோக்கம். பட்டியல் தராத ஓர் அறிவைக் கை தருகிறது, வாஸ்தவம். ஆனால் கை தொடுவது வந்து சேர்ந்த பொருளை மட்டுந்தான். அதைச் செய்த இன்னொரு கையை அல்ல. அந்தக் கையும் எட்டும்வரை நமது சோதனை பாதிச் சோதனைதான்.