கணுக்காலின் நார்களைக் கண்ட கதை

அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் நெடுஞ்சாலையில் கினிகத்தேனை அமைந்திருக்கிறது. இலங்கையில் மிகுதியாக மழை பெறும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இம்மலைச்சரிவுகள் வழுக்கும். கொழுந்துக் கூடையுடன் கானைத் தாண்டும் பெண்ணின் பாதம் உட்புறமாக மடங்கிவிட்டால், “வெறும் சுளுக்குத்தானே!” என்று சொல்லிவிடுவது எளிது. எண்ணெய் தடவி உருவிவிட்டு, இரண்டொரு நாளில் மீண்டும் மலையேறுவோரும் உண்டு. அச்சிறு சொல்லுக்குள் மறைந்திருப்பதைக் காண மனிதன் எவ்வளவு காலம் காத்திருந்தான் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கணுக்காலில் எலும்பை எலும்போடு கட்டி நிறுத்துபவை பிணைய நார்கள். வெளிப்புறத்தில் முன், நடு, பின் என மூன்று நார்கள். உட்புறத்தில் விசிறிபோல் விரிந்த வலிய கட்டு ஒன்று. பாதம் உள்ளே மடங்கும்போது பெரும்பாலும் முதலில் அறுவது வெளிப்புறத்து முன் நாரே.

1895ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மானிய அறிஞர் ரோண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். எலும்பு முறிவு அதன்பின் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் கதிர்கள் மென்மையான நார்களைக் கடந்து சென்றுவிட்டன. படத்தில் நாரின் நிழல் விழவில்லை. பாதத்தை வளைத்துப் பிடித்துப் படமெடுத்தும், மூட்டினுள் மருந்து செலுத்திப் படமெடுத்தும் மருத்துவர் நார் அறுந்ததை ஊகித்தனர். நாரையே காணவோ இயலவில்லை.

வழி பிறந்தது பௌதிகவியலில். 1946இல் அமெரிக்காவில் ஃபீலிக்ஸ் பிளாக், எட்வர்ட் பர்செல் ஆகிய இருவரும் தனித்தனியே ஓர் உண்மையை நிறுவினர். வலிய காந்தப்புலத்திலுள்ள ஐதரசன் அணுக்கருக்கள், தகுந்த வானொலி அலையை ஏற்று, பின்பு தாமும் அலையெழுப்பும் என்பதே அது. இதற்காக 1952இல் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர். 1973இல் பால் லாட்டர்பர், அவ்வலைகளைக் கொண்டு நீர் நிறைந்த குழாய்களின் படத்தை அமைத்துக் காட்டினார். இங்கிலாந்தில் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் இம்முறையை விரைவாக்கினார். இவ்விருவருக்கும் 2003இல் நோபெல் பரிசு கிடைத்தது. 1977 ஜூலையில் ரேமண்ட் டமேடியன் குழுவினர் மனித மார்பின் ஒரு படத்தைப் பெற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் உழைத்தனர்!

நேயர்களே, நீங்கள் கேட்கும் வானொலியும் இக்கருவியும் ஒருவகையில் உறவினர். நம் உடலில் நீர் நிறைந்திருப்பதால் ஐதரசனுக்குக் குறைவில்லை. நலமான நாரிலோ நீர் இறுகக் கட்டுண்டு கிடக்கிறது. அதன் அலை நொடிப்பொழுதில் அடங்கிவிடும். ஆகவே படத்தில் நார் கரிய கோடாகத் தெரியும். அது அறுந்தால் கோடு முறிந்து காணப்படும். சுற்றிலும் ஊறிய நீர் வெண்மையாக ஒளிரும். இப்படங்களை ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள துண்டுகளாக, குறுக்காகவும் நெடுக்காகவும் எடுப்பர். இதற்கு உதவும் 1.5 டெஸ்லா காந்தம், புவியின் காந்தத்தைப் போல் ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு வலியது.

இதில் ஒரு பொறியும் உண்டு. காந்தப்புலத்திற்கு ஏறத்தாழ 55 பாகைச் சாய்வில் கிடக்கும் நலமான நாரும் வெளுத்துத் தோன்றி, பழுதுற்றதுபோல் ஏமாற்றும். அதனால் பாதத்தைச் சற்றுக் கீழ்நோக்கி நீட்டிவைத்துப் படமெடுப்பதுண்டு.

சுளுக்கிய ஒவ்வொரு காலுக்கும் இப்படம் தேவையா? தேவையில்லை. கனடாவில் ஓட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வகுத்த விதிகளுக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ, கணுவெலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ தொட்டால் வலித்தாலோ எக்ஸ் கதிர்ப் படம் எடுக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். வாரங்கள் பல சென்றும் வலி தீராமல், கால் அடிக்கடி புரளுமானால், அப்போது காந்தப் படத்தின் உதவி நாடத்தக்கது.

காயம் பட்ட முதல் நாட்களில் அழுத்தி உருவுதல் ஆகாது. ஓய்வும், குளிர் ஒத்தடமும், இறுக்கமான கட்டும், காலை உயர்த்தி வைத்தலுமே நன்று. வீக்கம் வற்றியபின் பயிற்சி வேண்டும். ஆறாத நாரோடு சரிவில் இறங்கும் கால் மறுமுறையும் புரளும். பல்லாண்டு அவ்வாறு புரண்டால் மூட்டே தேய்ந்துபோகலாம். நாட்கூலியை நம்பி வாழும் குடும்பத்திற்கு இரண்டு வார ஓய்வு பெரும் இழப்பே. எனினும், கால் ஊன்ற முடியவில்லை என்று ஒரு தாய் சொல்லும்போது, அவளை மலைக்கு அனுப்புமுன் மருத்துவரிடம் அனுப்புவது வீட்டாரின் கடமையும் தோட்டத்தாரின் கடமையும் ஆகும்.